ஹனீஃபா பாய் வீட்டம்மா நடந்து போகிறாள்

ஷேர் ஆட்டோ நிற்பதற்கென்றே பிறந்த வண்டி. கை காட்டினால் நிற்கும். கை காட்டாமல் தலையைச் சொறிந்தாலும் நிற்கும். பெருங்களத்தூருக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஜி.எஸ்.டி. ரோட்டில் அது நிற்காத இடம் என்று ஒன்று கிடையாது. அதற்காக, "போ, போ" என்று ஒருத்தி கையை வீசி விரட்டும்போதும் பக்கத்தில் வந்து நின்றால் அவளுக்குக் கோபம் வருமா வராதா? சித்திகாவுக்கு வந்தது.

"ஏறுக்கா," என்றான் அன்பு, பாதி உடம்பை வண்டிக்கு வெளியே நீட்டி.

"நடந்து போறேன்னு நேத்தே சொன்னேன்ல?"

"நேத்து சொன்னீங்க. இன்னிக்கி ஏறுங்க."

"நாளைக்கும் இதேதான் சொல்வேன். வண்டியை எடு."

அன்பு எடுத்தான். எடுத்தானே தவிர ஓட்டவில்லை. அவள் நடக்கிற வேகத்துக்குக் கூடவே உருட்டிக்கொண்டு வந்தான். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த சனத்துக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. டிபன் பையை மடியில் வைத்திருந்த ஒருவர் பொறுக்கமாட்டாமல் கத்தினார்.

"இன்னாப்பா, சாமி ஊர்வலமா? நாங்க வேலைக்குப் போக வேணாமா?"

"கொஞ்சம் இரு சார். இது எங்க மொதலாளி வூட்டம்மா. இவங்கள நடக்க வுட்டுட்டு நான் எப்புடி முந்திக்கினு போறது? மரியாதையா கீதா அது?"

சங்கதி அதுதான். இரும்புலியூர் ஹனீஃபாவுக்குச் சொந்தமாக மூன்று ஷேர் ஆட்டோ ஓடியது. முதலாளி வீட்டு ஆட்களை ரோட்டில் பார்த்தால் வண்டி நின்றே ஆக வேண்டும், அவர்களை நடக்கவிட்டு முந்திப் போகக் கூடாது என்பது தாம்பரம் ஸ்டாண்டில் யாரும் எழுதி வைக்காத சட்டம். பாலாறு வழிந்தாலும், பின்னால் போலீஸ் வண்டி ஹாரன் அடித்தாலும் இந்தச் சட்டம் மாறாது. முந்திப் போனவனை மற்ற டிரைவர்கள் டீக்கடையில் வைத்துக் கிழித்துத் தொங்கவிட்டுவிடுவார்கள். அன்பு நல்ல பையன். அதுதான் தொல்லையே. கெட்டவனாக இருந்தால் அவள் பாட்டுக்கு நிம்மதியாக நடந்திருப்பாள்.

அவள் நடக்கத் தொடங்கியதற்குக் காரணம் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற அதே காரணம்தான். முடிச்சூர் ரோட்டில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஆபீஸ் வேலை. அங்கே இலவசச் சர்க்கரைப் பரிசோதனை முகாம் என்று வந்து எல்லோர் விரலிலும் குத்தினார்கள். சித்திகாவின் ரத்தத்தைப் பார்த்த டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மாத்திரை எழுதறேன். ஆனா மாத்திரை மட்டும் போதாது. காலையில ஒரு மணி நேரம் உங்களுக்குன்னு ஒதுக்கி வாக்கிங் போங்க" என்றார்.

சித்திகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒதுக்குவதாம்! விடியலில் எழுந்து தொழுது, லாரித் தண்ணீர் வருகிறதா என்று காதை வாசலில் வைத்துக்கொண்டே உலை வைத்து, காலேஜுக்குப் போகிற மகள் ரூக்சாருக்கு ஒரு டப்பா, பள்ளிக்கூடம் போகிற மகன் ஜமீருக்கு ஒரு டப்பா, தனக்கு ஒரு டப்பா, ஹனீஃபாவுக்குச் சுடச்சுட இடியாப்பம், நடுவில் காணாமல் போன ஒற்றைச் சாக்ஸைத் தேடுவது, இதெல்லாம் முடிந்து அவள் தலை வாரும்போது மணி அவள் கழுத்தில் கை வைத்திருக்கும். சாயந்திரம் திரும்பினால் இதே கூத்து தலைகீழாக நடக்கும். இதில் எந்த ஒரு மணி நேரத்தைப் பிடுங்கி எங்கே ஒதுக்குவது? மைதானத்தில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு கை வீசி நடக்கிற பெரிய மனிதர்களை அவளும் பார்த்திருக்கிறாள். அவர்கள் வீட்டில் அந்நேரம் யாரோ ஒருத்தி அடுப்படியில் நின்றுகொண்டிருப்பாள். அவளுக்குச் சர்க்கரை வந்தால் அவள் எப்போது நடப்பாள்?

இதை டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வழி கிடைத்தது அடுத்த வாரம், அன்புவின் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தபோது.

அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். பாலம் கட்டுகிறோம் என்று ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டி கொஞ்சம் ஊரும், நிற்கும், மறுபடி ஊரும். பூக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்த கன்னியம்மா என்கிற பூக்காரம்மா அவர்களை முந்திப் போனாள். வண்டி முக்கி முனகி அவளைப் பிடித்தது. அவள் மறுபடி முந்தினாள். பஸ் ஸ்டாண்டு வந்தபோது கன்னியம்மா கூடையை இறக்கி, தண்ணீர் தெளித்து, முதல் முழத்தை விற்றும் முடித்திருந்தாள். சித்திகா கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு டீசல் புகைக்குள் உட்கார்ந்திருந்தாள். நேரம் இல்லை என்று யார் சொன்னது? தினம் தினம் அவளுடைய நேரம் இந்த வண்டிக்குள்தான் உட்கார்ந்து புகை குடித்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலை ஜமீருக்குச் சிறுத்துப்போன வெள்ளை கேன்வாஸ் ஷூவைத் தேடி எடுத்தாள். அவளுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. கறுப்பு புர்காவுக்குக் கீழே பளிச்சென்று ரெண்டு வெள்ளை ஷூ. கண்ணாடியில் பார்த்தால் யாரோ மாதிரிதான் இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று கிளம்பிவிட்டாள். நடந்தே பள்ளிக்கூடம். வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தவள், வழக்கமாகப் பியூனைக் கூப்பிட்டு மாடிக்குக் கொடுத்தனுப்புகிற ஃபைல்களையும் தானே தூக்கிக்கொண்டு ஏறினாள். சாயந்திரம் சண்முகம் ரோடு மார்க்கெட்டுக்குள் நுழைந்து மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு நடந்தே வீடு. தனியாக ஒரு நிமிஷமும் ஒதுக்கவில்லை. ராத்திரி படுத்ததும் கால் விண் விண்ணென்று தெறித்தது. ஆனால் அது தன் கால், உயிரோடிருக்கிற கால் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கால் விஷயத்தில் அவளுக்கு ஒரு பயம் உண்டு. அந்தப் பயத்துக்குப் பெயர் ஷபீனா. அவள் கூடப் பிறந்த அக்கா. கோவளத்தில் வசதியான இடத்தில் வாழ்க்கைப்பட்டவள். வாசலைத் தாண்டினால் கார், காரைத் தாண்டினால் சோபா. சர்க்கரை வந்தது. செருப்பு கடித்த புண் ஆறவில்லை. முதலில் விரல் போனது, பிறகு கணுக்காலுக்குக் கீழே மொத்தமாகப் போனது. ஆஸ்பத்திரியில் சித்திகா அழுதுகொண்டு நின்றபோது ஷபீனா சிரித்தபடியே சொன்னாள்: "போனாப் போவட்டும் விடுடி. இருந்தப்ப மட்டும் நான் எங்க நடந்தேன்?" அக்காவின் காலை வெட்டியதைவிட அந்தச் சிரிப்புதான் சித்திகாவை உலுக்கியது. ஒருத்தி தன் காலைப் பற்றி அப்படிச் சொல்கிற நிலைக்கு எப்படி வந்து சேருகிறாள்? உட்கார்ந்தபடியேதான் வந்து சேருகிறாள்.

ஆகவே அன்பு கூப்பிட்டும் அவள் ஏறவில்லை. அடுத்த வண்டிக்காரன் கூப்பிட்டும் ஏறவில்லை. ரெண்டு வாரத்தில் ஸ்டாண்டு முழுக்க ஒரே பேச்சாகிவிட்டது. ஹனீஃபா பாய் வீட்டம்மா நடந்து போகிறாள். சொந்த வண்டி மூன்று ஓடும்போது பெண்டாட்டி நடக்கிறாள் என்றால் வீட்டில் ஏதோ சரியில்லை. வண்டிகளை விற்கப் போகிறார் என்றான் ஒருவன். புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தையே இல்லையாம் என்றான் இன்னொருவன். அவன் சொன்னதற்கு ஆதாரம் அந்த வெள்ளை ஷூ. நல்ல செருப்பு வாங்கிக் கொடுக்கக்கூட ஆளில்லாமல் பையன் ஷூவைப் போட்டுக்கொண்டு போகிறதாம்.

ஹனீஃபாவின் காதுக்கும் வந்தது. அவர் சாதுவான மனிதர். ரோட்டில் கத்துவார், வீட்டில் கத்தமாட்டார். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "நடக்கணும்னா நடந்துக்கோ. ரோட்ல நடக்காத" என்றார்.

"ரோட்ல நடக்காம? ஆத்துலயா நடக்கிறது?"

"கிண்டல் பண்ணாத சித்திகா. ஸ்டாண்டுல தலை காட்ட முடியல."

அவள் கேலியாகத்தான் எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் வாசலில் செருப்புகள் வந்து சேரும்வரை.

வந்தவர்கள் பள்ளிவாசல் ஜமாத்துக்காரர்கள் மூன்று பேர். முன்னால் செயலாளர் யாசீன் பாய். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மரவாடி வைத்திருப்பவர். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் ஜமாத்துக்குப் புகார் போகும், ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு வைத்துச் சேர்த்து வைப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இங்கே சண்டையும் இல்லை, புகாரும் இல்லை. அவள் நடந்ததையே புகாராக எடுத்துக்கொண்டு, கையில் ஆரஞ்சுப் பழமும் ஒரு டப்பா பாதுஷாவுமாக வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சர்க்கரைக்காரி வீட்டுக்குப் பாதுஷா!

சித்திகா டீ போட உள்ளே போனாள். காது மட்டும் கூடத்திலேயே இருந்தது.

"ஹனீஃபா, குடும்பம்னா முன்னப் பின்னத்தான் இருக்கும்," என்று தொண்டையைக் கனைத்தார் யாசீன் பாய். "அதுக்காக வூட்டுப் பொம்பளைய ரோட்ல நடக்க வுடலாமா?"

"நான் எங்க பாய் வுட்டேன்?"

"மறைக்காத. நாங்க விசாரிச்சிட்டுத்தான் வந்துகீறோம். நீ வேற எடத்துல எதுனா... ஒரு தொடர்பு... அந்த மாதிரி..."

"யா அல்லா! பாய்!" என்று ஹனீஃபா நாற்காலியிலிருந்து துள்ளினார்.

அடுப்படியில் சித்திகா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். ராத்திரி இஷா தொழுதுவிட்டு வந்தால் சோற்றுத் தட்டின் மேலேயே தூங்கி விழுகிற மனிதர், இவருக்கு இன்னொரு குடும்பமாம். ஒரு குடும்பத்துக்கே இடியாப்பம் பிழியத் துப்பில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டீத் தட்டோடு நேராகக் கூடத்துக்கு வந்தாள்.

"அவர் மேல ஒரு தப்பும் இல்ல பாய். எங்களுக்குள்ள சண்டையும் இல்ல. எனக்கு சுகர் இருக்கு. டாக்டர் நடக்கச் சொன்னாங்க, நடக்கிறேன். அவ்வளவுதான்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு சின்னக் காரணத்தை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. நம்பவும் இல்லை.

"சுகருக்கு மாத்திரை இருக்கேம்மா," என்றார் யாசீன் பாய். "எங்க வூட்லயும்தான் கீது சுகர். மாத்திரையப் போட்டுக்கினு ஜம்முனு உட்கார்ந்துகினு கீதே."

"நடந்துதான் ஆவணும்னா மொட்டை மாடி கீது," என்றார் இன்னொருவர்.

"மொட்டை மாடியில நான் சுத்திக்கிட்டிருந்தா கீழ சோறு யாரு வடிக்கிறது? நீங்க வந்து வடிப்பீங்களா? பள்ளிக்கூடத்துக்குப் போற வழியும் வர்ற வழியும்தான் எனக்குன்னு இருக்கிற நேரம். அதையும் வண்டியில ஏத்திட்டா நான் எங்க போறது?"

பொம்பளை இப்படிப் பேசினால் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது, பேச்சை ஆம்பளை பக்கம் திருப்ப வேண்டும் என்பது யாசீன் பாய்க்குத் தெரியும். அவர் ஹனீஃபாவைப் பார்த்தார்.

"ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. காலையில உன் பைக்ல நீயே கொண்டுபோய் வுட்டுடு. சாயந்திரம் நீயே கூட்டிக்கினு வந்துடு. பாக்குறவன் வாயும் அடையும். இன்னா சொல்ற?"

ஹனீஃபாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்னொரு குடும்பம் என்ற பேச்சிலிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. நெஞ்சில் கை வைத்து, "திங்கக்கிழமையிலேர்ந்து இவ ரோட்ல நடக்க மாட்டா பாய். என் வார்த்தை" என்றார்.

"உங்க வார்த்தைய நீங்க குடுங்க," என்றாள் சித்திகா. "என் கால எதுக்குங்க குடுக்கறீங்க?"

யாசீன் பாய் டீயை ஒரு வாய் குடித்தார். சர்க்கரை போடாத டீ. முகத்தைச் சுளித்துக்கொண்டு கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார்.

அவர்கள் போன பிறகு ஹனீஃபா வாசல் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றார். கத்துவார் என்று நினைத்தாள். கத்தவில்லை.

"எங்கம்மா மூணு வூட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போவும். நடந்தேதான் போவும். கால்ல செருப்புகூட கெடையாது. வெடிச்ச காலு, ராத்திரில வேப்பெண்ணெ தடவிக்கினு உட்கார்ந்திருக்கும். நான் மொத வண்டி வாங்கறதுக்குள்ள அம்மா மௌத்தாயி, அடக்கமும் பண்ணியாச்சி. என் வூட்ல இனிமே ஒரு பொம்பள நடக்கக் கூடாதுன்னு அன்னிக்கி நெனைச்சேன். அதுக்குத்தான் இந்த மூணு வண்டியும். நீ என்னடான்னா ஊரறிய நடக்கற."

இத்தனை வருஷத்தில் இதை அவர் சித்திகாவிடம் சொன்னதே இல்லை. சரி விடுங்க, நடக்கலை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவருக்காக எத்தனையோ விட்டிருக்கிறாள். இதையும் விட்டால் என்ன? விட்டால், இன்னும் ரெண்டு வருஷத்தில், மூன்று வருஷத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவளும் சிரிப்பாள். போனாப் போவட்டும் விடுங்க, நான் எங்க நடந்தேன் என்று.

"மாமிக்கு வண்டி இல்ல, நடந்தாங்க," என்றாள். "எனக்கு வண்டி இருக்கு, இருந்தும் நடக்கிறேன். இதுல உங்களுக்கு என்ன கொறச்சல்?"

"கொறச்சல்தான்," என்று அவர் உள்ளே போய்விட்டார்.

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் வீட்டில் டிவி மட்டும்தான் பேசியது. ரூக்சார் அம்மாவுக்கும் அத்தாவுக்கும் நடுவே தபால்காரியாக அலைந்தாள். திங்கட்கிழமை காலை சித்திகா ஷூவை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், கேட்டில் ஹனீஃபா பைக்கை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏறு."

அவள் பைக்கைச் சுற்றிக்கொண்டு போனாள். பின்னால் துரத்தி வருவார் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது அவர் செல்போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

யாரிடம் பேசினார் என்பது பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் முன்னால் தெரிந்தது. அன்புவின் வண்டி அவளைக் கடந்து போய், குறுக்கே மடங்கி, ரோட்டோரத்தை அடைத்துக்கொண்டு நின்றது. என்ஜினை அணைத்துவிட்டான். பின்னாலேயே அடுத்த வண்டி வந்து நின்றது. அதுவும் அணைந்தது. மூன்றாவதும் வந்தது.

"பாய் ஆர்டருக்கா," என்றான் அன்பு. அழுதுவிடுவான் போல இருந்தது. "நீங்க ஏறாம ஒரு வண்டியும் நவுரக் கூடாதுன்னுட்டாரு. நவுந்தா சாவியக் குடுத்துட்டு வூட்டுக்குப் போயிடணுமாம். நான் இன்னாக்கா பண்றது?"

மூன்று வண்டியும் பிதுங்கி வழிந்தன. பெரும்பாலும் சானடோரியத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போகிற பெண்கள். இங்கே இறங்கி ரயிலைப் பிடித்தால்தான் கேட் மூடுவதற்குள் போய்ச் சேர முடியும். விஷயம் புரிந்ததும் மூன்று வண்டியிலிருந்தும் ஒரே நேரத்தில் வசவு கிளம்பியது. பின்னால் ஒரு பஸ் நின்று ஊளையிட்டது. டிரைவர்களைத் திட்டி முடித்தவர்கள் சித்திகாவைத் திட்ட ஆரம்பித்தார்கள்.

"ஏம்மா, உன் புருஷன் வண்டிதானே? ஏறித் தொலைச்சா இன்னா?"

"உனக்கு வாக்கிங், எங்களுக்கு வேலை போவும்!"

"அக்கா, அழுவாத கொறையா கேக்கறேன், ஏறிடுக்கா," என்றாள் ஓரத்தில் இருந்த ஒரு பெண். கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. ஜாஸ்மின் என்று பெயர் போட்டிருந்தது.

சித்திகாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. ஹனீஃபா மீது வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவளை அடிக்க அவருக்குக் கை வராது, அதனால் இந்தப் பெண்களின் பிழைப்பை எடுத்து அடிக்கிறார். இவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? தன்னால் ஒருத்தி கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டுமா? அவள் வண்டிக் கம்பியைப் பிடித்தாள். ஒரு காலைத் தூக்கினாள். அன்பு அவசரமாகச் சாவியைத் திருகினான்.

இன்றைக்கு ஏறினால் நாளைக்கும் இப்படியே நிறுத்துவார்கள். நாளைக்கும் ஏற வேண்டும். அப்புறம் நிறுத்தவே வேண்டாம், தானாக ஏறி உட்கார்ந்துகொள்வாள். தூக்கிய காலை அவள் திரும்பத் தரையில் வைத்தாள்.

"எல்லாரும் இறங்குங்கம்மா," என்றாள் சத்தமாக.

"இன்னாது?"

"இவன் நகர மாட்டான். நான் ஏற மாட்டேன். ஸ்டேஷன் இதோ கூப்பிடு தூரம். இறங்கி நடந்தா ரயிலப் புடிக்கலாம். உட்கார்ந்திருந்தா எங்க வீட்டுச் சண்டையத்தான் பாக்கலாம். எது வேணுமோ பாத்துக்கங்க."

ஜாஸ்மின் ஒரு கணம் அவளை முறைத்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குதித்தாள். "நல்லா வந்து வாய்ச்சீங்க புருஷனும் பொண்டாட்டியும்!" என்றபடி ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள். அவள் இறங்கியதைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து அடுத்த வண்டி. மளமளவென்று மூன்று வண்டியும் காலியாகின. தாம்பரத்துச் சாலையில் ஒரு பெரிய பெண்கள் கூட்டம் விறுவிறுவென்று நடந்தது, நடுவில் கறுப்பு புர்காவும் வெள்ளை ஷூவுமாகச் சித்திகா. பார்த்தவர்கள் ஏதோ போராட்டம் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். அந்தப் பெண்கள் வாயிலிருந்து வந்ததைக் கேட்டிருந்தால் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். ஹனீஃபாவின் ஏழு தலைமுறையையும், கூடவே சித்திகாவையும் அவர்கள் வாழ்த்திக்கொண்டே நடந்தார்கள். ஆனால் நடந்தார்கள். நெரிசலில் நின்ற பஸ்களையெல்லாம் தாண்டி நடந்தார்கள். ஸ்டேஷன் படிக்கட்டு வந்ததும் ஜாஸ்மின் மட்டும் திரும்பி, "மின்னல் மாதிரி வந்துட்டோம்க்கா" என்று கத்திவிட்டு மேலே ஓடினாள்.

சித்திகா தனியாக நின்றாள். எதிரே பைக் வந்து நின்றது.

ஹனீஃபா காலி வண்டிகளைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். முகம் செக்கச் சிவந்திருந்தது. பின்னால் மூன்று டிரைவர்களும் வண்டிகளைத் தள்ளாத குறையாக உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். ஸ்டாண்டிலிருந்த மற்ற ஆட்டோக்காரர்கள் டீ கிளாஸோடு எழுந்து வந்தார்கள். மரவாடி வாசலில் யாசீன் பாய்கூடக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏறு சித்திகா," என்றார் ஹனீஃபா. "எல்லாரும் பாக்கறாங்க. ஏறு."

அவளிடம் நிறைய வார்த்தைகள் தயாராக இருந்தன. வரும் வழியெல்லாம் அவற்றைக் கூர் தீட்டிக்கொண்டேதான் வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அதெல்லாம் எங்கோ போய்விட்டது. இத்தனை நாளாக யாரிடமும் சொல்லாதது வாயில் வந்தது.

"எனக்குப் பயமா இருக்குங்க."

"இன்னா பயம்? யாருக்குப் பயம்?"

"என் காலுக்கு. அக்காவுக்குப் போன மாதிரி எனக்கும் போயிடும்னு பயமா இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு அவளக் கட்டில்லேர்ந்து கார் வரைக்கும் நீங்கதானே தூக்கிக்கிட்டு வந்தீங்க? எவ்வளவு கனம்னு உங்களுக்குத் தெரியும்ல? என்னையும் தூக்கப் போறீங்களா?"

ஷபீனாவைத் தூக்கி வந்த அன்று ஹனீஃபா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு, சாப்பிடாமல் படுத்தார். அது சித்திகாவுக்குத் தெரியும். அவர் இப்போது குனிந்து அவள் காலைப் பார்த்தார். புழுதி படிந்த கேன்வாஸ் ஷூ. வெகு நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"வழி விடுங்க," என்றாள் அவள். "ஸ்கூலுக்கு லேட்டாவுது."

பைக்கை அவர் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். அவள் ஒரு எட்டு வைத்தாள். டிரைவர்கள் மூன்று பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் பின்னாலேயே வண்டியை உருட்டத் தொடங்கினார்கள். அவ்வளவுதான். அத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த ஹனீஃபாவின் தொண்டை திறந்துகொண்டது.

"டேய்! இன்னாடா இது, பொண்ணு அழைப்பா? ரோட்ட அடைச்சிக்கினு! எடுங்கடா வண்டிய!"

"பாய், அக்கா இன்னும் ஏறல..." என்று இழுத்தான் அன்பு.

"ஏறாது! இன்னிக்கும் ஏறாது, நாளைக்கும் ஏறாது! நீ நிக்காம போ. ரோட்ல எங்க பாத்தாலும் நிக்காத. இவளப் பாத்து எவனாவது பிரேக்ல கால வெச்சீங்க, அப்புறம் தெரியும் சேதி!"

ஸ்டாண்டே வாயைப் பிளந்தது. யாசீன் பாய் மரவாடிக்குள் திரும்பிப் போனார். மூன்று என்ஜினும் உறுமின. முதல் வண்டி அவளைத் தாண்டியது, ரெண்டாவது தாண்டியது. கடைசியில் அன்பு வந்தான். கழுத்தை ஒரு பக்கமும் திருப்பாமல், பெரிய பாவம் ஒன்றைச் செய்யப் போகிறவன் மாதிரி கண்ணை இடுக்கிக்கொண்டு, ஆக்ஸிலேட்டரை முறுக்கி அவளை முந்திக்கொண்டு போனான்.

ஹனீஃபா பாயின் பெண்டாட்டியை ஹனீஃபா பாயின் வண்டி நடுரோட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டது. அது கக்கிய புகை முழுக்கச் சித்திகாவின் மூக்கில் ஏறியது. தும்மினாள், சிரித்தாள், மறுபடி தும்மினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு முடிச்சூர் ரோட்டுக்குள் திரும்பி நடந்தாள்.